முக்திநாத் போய் வந்ததிலிருந்து ஒரு கேள்வி: நேபாளத்துக்குக் கடல் இல்லாததுதான் குறையா?

ஊர்சுற்றி77:

போன ஐப்பசியில் எங்கள் தெருவிலிருந்து பதினெட்டுப் பேர் முக்திநாத் போனோம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் அது, அம்மாவுக்கு நாற்பது வருட ஆசை. கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து வேனில் சோனௌலி, எல்லையில் ஒரு வளைவு, அதைத் தாண்டி நடந்தே அந்தப் பக்கம் போய்விட்டோம். கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்ததுதான் வெளிநாடு வந்ததற்கு ஒரே அடையாளம்.

கோயிலைப் பற்றி எழுத வரவில்லை, அதைத் தனியாக எழுதுகிறேன். மனசில் உறுத்திக்கொண்டே இருப்பது வேறு. பொக்காராவில் கடைக்குப் போனால் பிஸ்கட், சோப்பு, மைதா, மருந்து எல்லாம் நம்மூர்ச் சரக்கு. போன் சீனாவில் செய்தது. அந்த ஊரிலேயே செய்தது என்று கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்தது வாய்வாய் நூடுல்ஸும் சால்வையும்தான். வழியில் கிராமங்களில் பார்த்தால் கிழவர்கள், பெண்கள், பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளைகள். நடுவயது ஆண்களைக் காணோம். எங்கள் டிரைவர் நாலு வருடம் மலேசியாவில் இருந்து திரும்பியவர், இரண்டு தம்பிகள் இப்போது வளைகுடாவில். திரும்பும்போது காட்மாண்டு விமான நிலையத்தில் ஒரு வரிசை பார்த்தேன், எல்லாருக்கும் ஒரே நிறத் தொப்பி, கையில் ஒரே மாதிரி ஃபைல், கழுத்தில் வீட்டார் போட்ட செவ்வந்தி மாலை. இருபது வயது தாண்டியிருக்காது பாதிப் பேருக்கு.

டிரைவரிடம் கேட்டால் "சமுத்திரம் இல்லை சார், என்ன செய்ய" என்றார். சுவிட்சர்லாந்துக்கும்தான் கடல் இல்லை, அது எப்படி அப்படி இருக்கிறது? கடல்தான் பிரச்சினையா, வேறு ஏதாவதா? இந்தியா மேல் ஏன் அவ்வளவு கோபம், நாம்தானே எல்லாம் அனுப்புகிறோம்? அப்புறம் வடக்கே சீனா இருக்கிறதே, அங்கிருந்து வாங்கிக்கொள்ள என்ன தடை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூகுளில் தேடச் சொல்லாதீர்கள், தேடிவிட்டுத்தான் வந்தேன்.

கப்பல்கணக்கு:

கொல்கத்தாவில் பன்னிரண்டு வருடம் கிளியரிங் வேலை (துறைமுகத்தில் சுங்கம் முடித்துச் சரக்கை வெளியே எடுப்பது) பார்த்தவன், அதில் பாதிக்கு மேல் நேபாளச் சரக்கு. அதனால் கடல் பகுதியை நான் சொல்கிறேன், அரசியலை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் கொல்கத்தாவே கடற்கரைத் துறைமுகம் இல்லை. கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே, ஹூக்ளி ஆற்றில் இருக்கிறது. ஆறு வண்டல் தள்ளிக்கொண்டே இருக்கும், பெரிய கப்பல் உள்ளே வராது. ஆகவே ஐரோப்பாவிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வரும் கண்டெய்னர் பெட்டி கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, சின்னக் கப்பலில் ஏறி, ஆற்று வெள்ளம் பார்த்து உள்ளே நுழைந்து, இறங்கி, சி.டி.டி. என்கிற சுங்கப் படிவம் போட்டு, சீல் வைத்து, ரயிலிலோ லாரியிலோ சுமார் 700 கிலோமீட்டர் போய் பீகார் எல்லையில் ரக்சௌல் தாண்டி, நேபாளத்துப் பீர்கஞ்ச் உலர் துறைமுகத்தில் (தரையில் இருக்கும் கண்டெய்னர் முனையம்) மறுபடி சுங்கம். நேபாளத்துக்குள் போகவேண்டிய தூரத்தை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கொல்கத்தாவில் இரண்டு நாள் பந்த், வழியில் மழை, சர்வர் டவுன், எது நடந்தாலும் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) மீட்டர் ஓடும். அதைக் கட்டுவது கடைசியில் காட்மாண்டுவில் டைல்ஸ் வாங்குகிறவர்.

2016க்குப் பிறகு விசாகப்பட்டினத்தையும் திறந்துவிட்டார்கள். தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் ஆழமான துறைமுகம், பெரிய கப்பல் நேராக வரும், பெட்டிக்கு எலக்ட்ரானிக் பூட்டுப் போட்டு ரயிலில் அனுப்பிவிடலாம். எவ்வளவோ தேவலை. எங்கள் பிழைப்பில் கொஞ்சம் மண் விழுந்தது, அது வேறு கதை.

சுவிட்சர்லாந்தை இழுக்காதீர்கள் சார். அவர்களுக்குப் பக்கத்து வீடுகள் ஐந்து, ஐந்தும் வசதியான வீடுகள். பாசலில் ரைன் நதித் துறைமுகம், அங்கே ஏற்றினால் படகு ராட்டர்டாம் போய்விடும். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி. கைக்கடிகாரமும் மருந்தும் விமானத்திலேயே போகும். நேபாளத்துக்குக் கிழக்கு, மேற்கு, தெற்கு மூன்றும் இந்தியா, வடக்கே இமயமலை. கடல் இல்லாத நாடுகள் உலகத்தில் நாற்பத்துச் சொச்சம் இருக்கின்றன, இப்படி ஒரே வீட்டுத் திண்ணை வழியாகத்தான் தெருவுக்கு வரவேண்டும் என்ற நிலைமை அதில் சிலவற்றுக்குத்தான்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. நேபாளத்தின் பெரிய ஏற்றுமதி சில வருடங்களில் என்ன தெரியுமா? சோயா எண்ணெய். ஊரில் சோயா விளைவது உப்புக்குச் சப்பாணி. அர்ஜென்டினா மாதிரி இடங்களிலிருந்து கச்சா எண்ணெய் நம் துறைமுகத்தில் இறங்கி, நேபாளத்துக்குப் போய், சுத்திகரித்து, திரும்ப இந்தியாவுக்கே வரும். தெற்காசிய வர்த்தக ஒப்பந்தத்தில் அதற்கு வரி இல்லை, நேராக இந்தியாவுக்கு இறக்கினால் வரி உண்டு. 2024 செப்டம்பரில் இங்கே சமையல் எண்ணெய் வரியை ஏற்றினார்கள், அங்கே ஏற்றுமதிக் கணக்கு குதித்தது. வரி வித்தியாசம் போனால் மறுநாள் ஆலை மூடும். இதை ஏற்றுமதி என்று சொல்வதற்கே எனக்கு வாய் வரவில்லை.

பாலைவனப்பறவை:

தோகாவிலிருந்து எழுதுகிறேன், எம்.ஈ.பி. (கட்டட மின்சாரம், குழாய், ஏ.சி. வேலை) சூப்பர்வைசர். என் கீழ் இருக்கிற முப்பது பேரில் பதினாறு பேர் நேபாளிகள், ஆறு பேர் நம்மாட்கள்.

நீங்கள் விமான நிலையத்தில் பார்த்த வரிசைதான் அந்த நாட்டின் உண்மையான ஏற்றுமதி. சோயா எண்ணெயெல்லாம் கணக்குப் புத்தகத்துக்கு. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 2.92 கோடி, வெளிநாட்டில் இருப்பதாக வீட்டார் சொன்னவர்கள் சுமார் 22 லட்சம். 2023-24 நிதியாண்டில் அவர்கள் அனுப்பிய பணம் 1.44 லட்சம் கோடி நேபாள ரூபாய். அதே வருடம் நாடு இறக்குமதி செய்தது 1.59 லட்சம் கோடிக்கு, ஏற்றுமதி சுமார் 15 ஆயிரம் கோடிக்கு. கணக்கைப் பாருங்கள். பையன்கள் இங்கே ஐம்பது டிகிரி வெயிலில் அனுப்பும் ஒவ்வொரு ரியாலும் காட்மாண்டுவில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, அரிசியாகவும் பெட்ரோலாகவும் மோட்டார் சைக்கிளாகவும் மாறி மறுநாளே எல்லையைத் தாண்டி வெளியே போய்விடுகிறது.

இதில் கூத்து என்னவென்றால், அந்த இறக்குமதிச் சுங்கம் அரசாங்கத்துக்கு முக்கியமான வருமானம். ஆள் வெளியே போனால் பணம் வரும், பணம் வந்தால் சரக்கு வரும், சரக்கு வந்தால் வரி வரும். உள்ளூரில் தொழிற்சாலை வராவிட்டால் அவசரமாகக் கவலைப்பட எந்த மந்திரிக்கும் காரணமில்லை. 2022இல் வெளிநாட்டுப் பணக் கையிருப்பு இறங்கியபோதுதான் பதறினார்கள்: கார், விலையுயர்ந்த போன், வெளிநாட்டுச் சாராயம், கடைசியில் சிப்ஸ் பாக்கெட் வரைக்கும் இறக்குமதிக்குத் தடை. எட்டு மாதத்தில் எடுத்துவிட்டார்கள்.

போகிற ஆளின் நிலைமை வேறு. 2015இல் "இலவச விசா, இலவச டிக்கெட்" என்று அரசு உத்தரவு போட்டார்கள், அதாவது கம்பெனிதான் செலவைக் கட்டவேண்டும். என் ஆட்களில் அப்படி வந்தவன் ஒருத்தன்கூட இல்லை. மேன்பவர்காரன், அதாவது ஆள் அனுப்பும் ஏஜென்ட், கொடுத்த ரசீதில் ஒரு தொகை இருக்கும், கையில் வாங்கியது அதைப்போலப் பத்து மடங்கு. ஊர் வட்டிக்காரனிடம் மூன்று வட்டிக்கு வாங்கின கடன். முதல் வருடச் சம்பளம் கடனுக்கு, இரண்டாம் வருடம் தங்கை கல்யாணத்துக்கு, மூன்றாம் வருடம் தகரக் கூரைக்கு. நம்மூர்க் கதையேதான், ராமநாதபுரத்துக்காரனுக்குப் புதுசாகச் சொல்ல ஒன்றுமில்லை. கத்தாரில் 2020இல் என்.ஓ.சி. தொல்லையை (வேலை மாறப் பழைய முதலாளியிடம் சம்மதக் கடிதம்) எடுத்தார்கள், 2021 மார்ச்சிலிருந்து 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம், அதெல்லாம் உண்மையிலேயே உதவியது. ஆனால் இங்கிருந்து காட்மாண்டு போகும் விமானத்தின் அடியில் பெட்டியில் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரவு சாப்பிட்டுப் படுத்தான், காலையில் எழுந்திருக்கவில்லை. என் ஆள் ஒருத்தன் அப்படிப் போனான், முப்பத்தொரு வயது. சான்றிதழில் இதயம் நின்றது என்று எழுதினார்கள். இதயம் நிற்காமல் யார் சார் செத்திருக்கிறார்கள்?

அவர்களுக்குள் வெளிநாட்டுப் பட்டாளத்துக்குப் போகிறவனை "லாஹுரே" என்பார்கள். இருநூறு வருடத்துக்கு முன்பு ரஞ்சித் சிங் படையில் சேர லாகூருக்குப் போனார்களாம், அதிலிருந்து வந்த பேர். ஆகவே இது நேற்று வந்த பழக்கமும் இல்லை.

எல்லைச்சாமி:

எல்லாம் சரி, இந்தியாவை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? விசா இல்லாமல் வரலாம், வேலை பார்க்கலாம், கடை வைக்கலாம். சென்னையிலிருந்து செங்கோட்டை வரை ஹோட்டலில் பரோட்டா போடுகிறவரும் ராத்திரி விசில் ஊதிக்கொண்டு போகிறவரும் எந்த நாட்டுக்காரர்? அவர்களெல்லாம் யார் கணக்கிலும் சரியாக வருவதில்லை. நேபாள ரூபாய் 1993இலிருந்து நம் ஒரு ரூபாய்க்கு 1.60 என்று கட்டிப்போட்டு அசையாமல் நிற்கிறது. பட்டாளத்தில் கூர்க்காக்களுக்குச் சம்பளம், ஓய்வூதியம். மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை 69 கிலோமீட்டர் குழாய் போட்டு 2019இலிருந்து டீசல் அனுப்புகிறோம். இவ்வளவும் செய்துவிட்டு, 2020இல் எல்லையில் இருக்கும் காலாபானி, லிபுலேக், லிம்பியாதுரா எல்லாம் தங்களுடையது என்று வரைபடம் போட்டு அரசியல் சாசனத்திலேயே ஏற்றிக்கொண்டார்கள். நமக்குக் கோபம் வரக்கூடாதா?

தராசு:

எல்லைச்சாமி சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அந்த டீசல் குழாய்க்கு முன்னால் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டார்.

2015 ஏப்ரலில் பூகம்பம், கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேர் செத்தார்கள். செப்டம்பர் 20ஆம் தேதி புதிய அரசியல் சாசனம் வந்தது. இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் இருக்கும் மாதேசிகளும் தாருக்களும் மாகாண எல்லை, குடியுரிமை இரண்டிலும் தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று அதற்கு முன்பிருந்தே போராட்டம். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள், அதில் போலீஸ்காரர்களும் உண்டு. சாசனத்தில் திருத்தம் செய்யாமல் அவசரப்படாதீர்கள் என்று டில்லி ஆள் அனுப்பிச் சொல்லிப் பார்த்தது, அவர்கள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் எல்லையில் லாரி நின்றது. நாங்கள் நிறுத்தவில்லை, அந்தப் பக்கம் போராட்டம் நடக்கிறது, டிரைவர்கள் பயப்படுகிறார்கள் என்று டில்லி சொன்னது. ரக்சௌல் பாலத்தில் மாதேசிகள் உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஆனால் யாரும் உட்காராத வாசல்களிலும் லாரிகள் நகராமல் கிடந்ததைக் காட்மாண்டுக்காரன் பார்த்தான். அங்கே இதற்குப் பேர் "நாகாபந்தி", அதாவது முற்றுகை. பூகம்பத்தில் வீடு இடிந்து தார்ப்பாய்க்குள் இருக்கிறவனுக்கு, மார்கழிக் குளிரில் கேஸ் சிலிண்டர் இல்லை, பெட்ரோல் இல்லை, மருந்து தட்டுப்பாடு. பிப்ரவரி வரைக்கும் இழுத்தது. யார் செய்தார்கள் என்று நாம் எத்தனை விளக்கம் கொடுத்தாலும் விறகு ஊதிக் கஞ்சி வைத்தவளிடம் எடுபடாது.

அவர்களுக்கு இது முதல் முறையும் இல்லை. 1989 மார்ச்சில் வர்த்தக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது, சீனாவிடம் ஆயுதம் வாங்கிய கோபமும் சேர்ந்து, எல்லையில் இருந்த பதினைந்து வழிகளில் இரண்டைத் தவிர மற்றதை இந்தியா மூடியது. அடுத்த வருடம் அங்கே ராஜாவுக்கு எதிராக மக்கள் போராட்டம் வெடித்து, கட்சியில்லாப் பஞ்சாயத்து ஆட்சி போனது. விலைவாசியும் அதற்கு ஒரு காரணம்.

கடலுக்குப் போகும் உரிமை சர்வதேசச் சட்டத்தில் இருக்கிறது, 1982 கடல் சட்டத்தில் தனிப் பகுதியே உண்டு. ஆனால் எந்த வழி, என்ன நிபந்தனை என்பதை நடுவில் இருக்கும் நாட்டோடு பேசித்தான் முடிவு செய்யவேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதாவது உரிமை உண்டு, சாவி உன்னிடம் இல்லை.

வரைபட விஷயத்தில் 2019 நவம்பரில் இந்தியா வெளியிட்ட படமும், 2020 மே மாதம் லிபுலேக் சாலையைத் திறந்ததும் முன்னால் வந்தவை. யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, ஆங்கிலக் கும்பினியோடு நேபாளம் போட்ட 1816 சுகௌலி ஒப்பந்தத்தில் காளி நதி எல்லை என்றார்கள், காளி எங்கே பிறக்கிறது என்பதில் இன்னும் சண்டை. இரண்டு நாட்டு உறவையும் புதிதாகப் பார்க்க 2016இல் ஒரு பெரியவர்கள் குழு போட்டார்கள், 1950 நட்புறவு ஒப்பந்தம் முதல் எல்லாவற்றையும் பேசி 2018இல் அறிக்கையும் எழுதி முடித்தார்கள். வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் வருடக்கணக்கில் கிடந்தது. கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களே, முற்றுகை ஒரு பங்கு என்றால் இந்த மாதிரி கண்டுகொள்ளாமல் விடுவது இரண்டு பங்கு.

எல்லைச்சாமி:

டீசல் குழாய்க்கு முன்னால் முற்றுகை நடந்தது என்கிறீர்கள். சரி, வைத்துக்கொள்ளுங்கள். சீனா என்ன செய்தது, அதையும் எழுதுங்கள்.

தராசு:

எழுதுகிறேன். 2015இல் நல்லெண்ணத்துக்குச் சுமார் 13 லட்சம் லிட்டர் பெட்ரோல் கொடுத்தது, நாட்டுக்குச் சில நாளைக்குக்கூடக் காணாது. 2016 மார்ச்சில் அப்போதைய நேபாளப் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பெய்ஜிங் போய்ப் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டார், ஊரே கொண்டாடியது. 2019இல் அதற்கான விதிமுறையும் வந்தது, தியான்ஜின், ஷென்சென் என்று நாலு துறைமுகம் பயன்படுத்தலாம் என்று. தியான்ஜின் காட்மாண்டுவிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் திபெத்து. கொல்கத்தா அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்கூட இல்லை. எந்த வியாபாரி அந்த வழியாகக் கொண்டுவருவான்?

இருக்கிற இரண்டு முக்கிய மலைப் பாதைகளில் தாத்தோபானி பூகம்பத்தில் அடைபட்டு 2019இல்தான் திறந்தது. ரசுவாகடியில் 2025 ஜூலை வெள்ளம் நட்புறவுப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது, கூடவே சுங்கச்சாவடி வாசலில் நின்ற மின்சாரக் கார்களையும். கொரோனா காலத்தில் சீனா தன் பக்கக் கதவைச் சாத்திக்கொண்டபோது யாரும் நாகாபந்தி என்று சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், எல்லைச்சாமிக்காக. பொக்காராவில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், பளபளவென்று புது விமான நிலையம், சீன எக்சிம் வங்கிக் கடன், 2023 ஜனவரி முதல் தேதி திறந்தார்கள். வெளிநாட்டு விமானத்துக்குக் காத்துக்கிடக்கிறது, கடன் மட்டும் நேரத்துக்கு ஏறுகிறது.

மின்கம்பி:

விவாதத்தில் தண்ணீரை விட்டுவிட்டீர்கள்.

பத்து வருடத்துக்கு முன்பு போயிருந்தால் காட்மாண்டுவில் குளிர்காலத்தில் ஒரு நாளைக்குப் பதினாலு, பதினாறு மணி நேரம் கரண்ட் கிடையாது, அட்டவணையை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். ஃபர்பிங்கில் 1911லேயே நீர்மின் நிலையம் கட்டிய நாடு அது. 2016க்குப் பிறகு மின்சார வாரியத்தில் குல்மான் கீசிங் என்று ஒருவர் வந்து, தொழிற்சாலைகளுக்குத் திருட்டுத்தனமாகப் போன தடையில்லா மின்சாரத்தை நிறுத்தி, இந்தியாவிலிருந்தும் வாங்கி, ஒன்றிரண்டு வருடத்தில் வெட்டை ஒழித்தார். 2021இல் 456 மெகாவாட் மேல் தாமாகோசி வந்தது, பெரும்பாலும் உள்ளூர்ப் பணத்தில் கட்டியது. இப்போது மழைக்காலத்தில் மிச்சம், இந்தியாவுக்கு விற்கிறார்கள். குளிரில் ஆறு வற்றினால் திரும்ப வாங்குகிறார்கள். அங்கே பனி உருகும் ஆறுகளில் அணையில்லாமல் ஓடுகிற தண்ணீரில் ஓட்டுவதுதான் பெரும்பாலும், தேக்கி வைக்கும் திட்டம் குறைவு.

நல்ல விஷயம்தானே என்பீர்கள். வாங்குகிறவர் ஒருவரே. சீனப் பணமோ சீன ஒப்பந்தக்காரரோ தொட்ட நிலையத்து மின்சாரத்தை இந்தியா வாங்காது, ஒவ்வொரு நிலையத்துக்கும் தனியாக அனுமதி. 2024 ஜனவரியில் பத்து வருடத்தில் 10,000 மெகாவாட் வாங்குவதாக ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. பங்களாதேசத்துக்கு விற்க வேண்டும் என்று எத்தனை வருடம் பேசினார்கள்! நடுவில் இந்திய நிலம் ஒரு துண்டு. கடைசியில் 2024 நவம்பர் 15ஆம் தேதி இந்தியக் கம்பி வழியாக 40 மெகாவாட் போனது, ஒரே ஒரு நாள். ஒப்பந்தப்படி மழைக்கால ஐந்து மாதம்தான் விற்கலாம், அன்றோடு அந்த வருடத்துக் கெடு முடிந்தது. மறுபடி 2025 ஜூனில் தொடங்கியது. அவ்வளவு பெரிய நாட்டுக்கு 40 மெகாவாட் ஒரு தாலுகாவுக்குக் காணுமா? ஆனாலும் மூன்றாவது நாட்டுக்கு மின்சாரம் விற்றது அவர்களுக்கு அதுதான் முதல் முறை. பெட்டியில் போகிற சரக்கென்றால் துறைமுகம் வேண்டும். மின்சாரத்துக்குக் கம்பி போதும் என்று நினைத்தவர்கள் கம்பிக்கும் வாசல் உண்டு என்று தெரிந்துகொண்டார்கள்.

நான் பார்த்ததில் புத்திசாலித்தனமான காரியம், மிஞ்சுகிற மின்சாரத்தை வீட்டுக்குள்ளேயே செலவழிப்பது. புதிதாக விற்கும் கார்களில் பத்தில் ஏழு மின்சாரக் கார் அங்கே, நம்மைவிட எவ்வளவோ முன்னால். பெட்ரோல் காருக்கு வரி தீட்டிவிட்டு மின்சாரக் காருக்குக் குறைத்தார்கள். வண்டி சீனாவில் செய்தது என்றாலும் எரிபொருள் சொந்த ஆறு. மறுபடி யாராவது லாரியை நிறுத்தினால் அந்த வண்டி நிற்காது.

கிள்ளான்காரி:

எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று. மலேசியாவில் காவல் வேலைக்கு வெளிநாட்டவர் என்றால் நேபாளிகளை மட்டும்தான் வைக்கலாம் என்று விதி, அதனால் எங்கள் குடியிருப்பு கேட்டிலும் அவர்கள்தான். 2025 செப்டம்பரில் அங்கே ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று 26 தளங்களை அரசாங்கம் முடக்கியதே, அந்தச் சில நாள் எங்கள் கார்டு தம்பி தூங்கவே இல்லை. வீட்டில் மனைவி எட்டு மாதம், வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவதுதான் அவனுக்கு ஒரே குடித்தனம். பெருசுகளுக்கு அது பொழுதுபோக்கு என்று தோன்றியிருக்கும். 8ஆம் தேதி பையன்கள் தெருவுக்கு வந்தார்கள், அன்றைக்கே 19 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், மறுநாள் ஒலி ராஜினாமா, பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. ஊழலும் மந்திரி பிள்ளைகளின் படாடோபமும்தான் அடிப்படைக் கோபம், எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊரில் எத்தனையோ வீட்டுக்கு அப்பாவோ அண்ணனோ இருப்பது அந்தப் போனுக்குள்தான். அதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று ஒரு ஆபீசருக்குக்கூடத் தோன்றவில்லையே!

ஊர்சுற்றி77:

எல்லாருக்கும் நன்றி. சுவிட்சர்லாந்தைக் கேட்டதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, பரவாயில்லை.

ஆனால் ஒன்றில் கப்பல்கணக்கு அண்ணனோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. வாசல் ஒன்றுதான், சரி. மேன்பவர்காரன் பத்து மடங்கு வாங்குவதற்கும், உத்தரவு போட்டுவிட்டு யாரும் பார்க்காமல் இருப்பதற்கும் வாசல் என்ன செய்யும்? 2008இல் ராஜாவை அனுப்பிய பிறகு எத்தனை பிரதமர்கள், 2015இலிருந்து 2025 வரை மாற்றி மாற்றி அதே மூன்று பேர். திண்ணைக்காரனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குள் யாரும் பெருக்காமல் இருந்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

கப்பல்கணக்கு:

அது நியாயம். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. திண்ணைக்காரன் இருக்கிற வரைக்கும் பெருக்காததற்குச் சாக்கு இருக்கும். தேர்தலுக்குத் தேர்தல் அந்தச் சாக்கு விலைபோகும், ஒலி 2017இல் ஜெயித்தது பெரும்பாலும் அந்தச் சரக்கை விற்றுத்தான்.

எல்லைச்சாமி:

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

தராசு:

இல்லை, நீங்கள் முதலிலிருந்து சொன்னது பரோட்டா.

ஊர்சுற்றி77:

சண்டை வேண்டாம் ஐயா. நேற்று எங்கள் டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன், இங்கே எழுதியதையெல்லாம் என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். நாகாபந்தி என்றதும் அந்த வருடம் பொக்காராவில் பெட்ரோல் பங்க்கில் இரண்டு ராத்திரி வண்டிக்குள்ளேயே படுத்திருந்த கதையைச் சொன்னார், பத்து லிட்டர் கிடைத்ததாம். மலேசியாவுக்குப் போனதே அதற்கு அடுத்த வருடம்தான், வண்டியை விற்றுவிட்டு.

இப்போது தவணையில் மின்சார மைக்ரோபஸ் எடுத்திருக்கிறாராம், சீன வண்டி. முன்பணம் தோகாவில் இருக்கும் தம்பி அனுப்பியது. பொக்காராவில் சார்ஜ் போட்டால் ஜோம்சோம் வரை ஏற்றத்தில் தாங்குமா என்று கேட்டேன். நடுவில் பேனியில் ஒரு தடவை நிறுத்தி டீ குடித்தால் போதும் என்றார், இறங்கும்போது பாதி தானாகவே திரும்ப ஏறிக்கொள்கிறதாம். சித்திரையில் அடுத்த குரூப்பைக் கூட்டி வருகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதினாலு சீட்டுதான், நாங்கள் பதினெட்டுப் பேர்.